இரண்டரை

அப்பாவின் துப்பாக்கிக்கு ஆளுக்கொரு விலை சொன்னார்கள். பதினாறாம் நாள் காரியத்துக்கு வந்திருந்த பெரியப்பா மகன், "பழைய இரும்புதானக்கா, இருவதாயிரத்துக்கு மேல எவன் தருவான்" என்றான். அப்பாவோடு காட்டுக் காவலுக்குப் போய் வந்த மாமா, "கிரீனர் துப்பாக்கி தாயி அது. ரெண்டு லட்சத்துக்குக் குறைஞ்சு பேசாத" என்றார். சிங்கப்பூரிலிருந்து தம்பி லண்டன் ஏலப் படங்களை வரிசையாக அனுப்பினான். ஒவ்வொன்றின் கீழும் வீடே கட்டிவிடலாம் போல ஒரு தொகை. பர்டி, ஹாலண்ட் என்று பெயர்கள். "நம்மளுதும் இப்படித்தானேக்கா இருக்கும்?" என்று கேட்டிருந்தான். நானும் உற்றுப் பார்த்தேன். இரண்டு குழல், ஒரு கட்டை, இரண்டு விசை. இப்படித்தான் இருந்தது.

துப்பாக்கி அப்போது வீட்டில் இல்லை. லைசென்ஸ்காரர் இறந்துபோனால் வாரிசுகள் அதைப் பீரோவில் பூட்டி வைத்துக்கொள்ள முடியாது. காவல் நிலையத்திலோ உரிமம் உள்ள துப்பாக்கிக் கடையிலோ ஒப்படைத்து ரசீது வாங்க வேண்டும். நாங்கள் மதுரையில் ஒரு கடையில் ஒப்படைத்திருந்தோம். வாரிசு என்ற முறையில் என் பெயருக்கு லைசென்ஸ் கேட்டு மனுப் போட 2016ஆம் ஆண்டு விதிகளில் இடம் உண்டு. ஆனால் நான் மதுரையில் இரண்டாவது மாடியில் குடியிருக்கிறேன். போடி மலையடிவாரத்து நிலத்தைக் குத்தகைக்கு விட்டாயிற்று. காட்டுப்பன்றி இறங்காத வீட்டில் துப்பாக்கிக்கு என்ன வேலை? விற்பது என்று முடிவு செய்தோம். என்ன விலைக்கு என்பதுதான் தெரியவில்லை.

கடைக்காரர் எழுபது வயதைத் தாண்டியவர். அவருடைய அப்பா காலத்துக் கடை. விலை கேட்டதும் சொல்லிவிடுவார் என்று நினைத்துப் போனேன். அவர் மேசை மேல் பச்சைக் கம்பளித் துணியை விரித்தார். முன்கட்டையைக் கழற்றினார், குழலைக் கழற்றினார். மூன்று துண்டாகக் கிடந்தது. பிறகு குழல் ஜோடியை மட்டும் அடிக் கொக்கியில் ஒரு விரலை மாட்டித் தொங்கவிட்டு, மறு கை விரல் முட்டியால் மெல்லத் தட்டினார். கோயில் கைமணி போல ஒரு நாதம் எழுந்து, நீண்டு, அடங்கியது.

"கேட்டீங்களாம்மா? ரெண்டு குழலையும் சேத்துப் பத்த வச்ச இடம் எங்கயும் விடல. விட்டிருந்தா பொத்துன்னு சத்தம் வரும், ஓட்டப் பானையத் தட்டுன மாதிரி."

நான் முப்பது வருஷம் பள்ளியில் இயற்பியல் சொல்லிக் கொடுத்தவள். இசைக்கவையைத் தட்டி எத்தனையோ பிள்ளைகளின் காதருகே பிடித்திருக்கிறேன். வீட்டுப் பரணுக்குக் கீழே ஆணியில் தொங்கிக்கொண்டிருந்த சாமானுக்குள் இப்படியொரு நாதம் இருக்கும் என்று ஒரு நாளும் தோன்றியதில்லை.

அப்பா அதை வாங்கியது 1963இல். மூணாறுப் பக்கம் தேயிலைத் தோட்டத்தில் மேனேஜராக இருந்த துரை ஒருவர் ஊரைவிட்டுக் கிளம்பும்போது 800 ரூபாய்க்குக் கொடுத்தார். அதற்காக அம்மாவின் இரட்டைவடச் சங்கிலி அடகுக்குப் போயிற்று. அம்மா கடைசிவரை அந்தச் சங்கிலியைச் சொல்லிக்கொண்டேதான் இருந்தாள். நிலக்கடலையும் மக்காச்சோளமும் போட்ட காடு. ராத்திரி ஒரு கூட்டம் பன்றி இறங்கினால் காலையில் உழுது போட்ட மாதிரி கிடக்கும். 1972இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகு அப்பா எதையும் சுட்டதில்லை. வானத்தைப் பார்த்து ஒரு வெடி, அவ்வளவுதான். மலையில் அது முட்டித் திரும்பி வரும் சத்தத்துக்கே பன்றிகள் ஓடிவிடும்.

என் சிறு வயதில் துப்பாக்கி விஷயத்தில் எனக்கென்று ஒரு வேலை இருந்தது. அப்பாவுக்கு இங்கிலீஷ் படிக்க வராது. டவுனிலிருந்து தோட்டாப் பெட்டி வாங்கி வந்தால் என்னைக் கூப்பிட்டு மடியில் உட்கார வைத்துக்கொள்வார். பெட்டியைக் கையில் கொடுத்து, "ரெண்டரைதானா பாரு பாப்பா" என்பார். ஓரத்தில் பொடி எழுத்தில் அங்குலக் கணக்குப் போட்டிருக்கும். நான் எழுத்துக்கூட்டித் தேடிக் கண்டுபிடித்து, "ரெண்டரைப்பா" என்றதும் பெட்டி பரணுக்குப் போகும். ஒருமுறை இரண்டே முக்கால் என்று இருந்தது. கடைக்காரன் தெரியாமல் கொடுத்துவிட்டான். அப்பா மறு பஸ்ஸைப் பிடித்துப் போய் மாற்றிக்கொண்டு வந்தார். பின்னால் பெட்டிகளில் மில்லிமீட்டர் வந்தது. அப்போதும் விடவில்லை: "அறுபத்தஞ்சுதானா பாரு." கால் அங்குலத்துக்காக ஒரு பகல் வேலையை விட்டுவிட்டு எதற்குப் போனார் என்று அம்மாவும் கேட்டதில்லை, நானும் கேட்டதில்லை.

கடைக்காரர் குழலைக் கவிழ்த்துப் பின்பக்கத்துத் தட்டையான அடிப்பகுதியை என் பக்கம் திருப்பினார். பூதக்கண்ணாடியை நீட்டினார். "இதுதாம்மா இதோட ஜாதகம். படிங்க."

கடுகளவு எழுத்துகள். கிரீடம் ஒன்று, அதன் கீழ் பி.வி. இன்னொரு கிரீடம், கீழே பி.பி. மூன்றாவது கிரீடத்தின் கீழ் என்.பி. பிரிட்டனில் துப்பாக்கிக் குழல்களைச் சோதித்து முத்திரை போடும் கூடங்கள் இரண்டுதான்: ஒன்று லண்டனில், மற்றது பர்மிங்காமில் 1813இல் சட்டம் போட்டு அமைத்தது. இது பர்மிங்காம். வழக்கமானதைவிடப் பலமான மருந்தைக் கிட்டித்து வெடித்துப் பார்த்து, குழல் உப்பாமல் பிளக்காமல் நின்றால்தான் இந்தக் குத்து விழும். என்.பி. என்றால் புகையில்லா மருந்துக்கும் தாங்கும் என்று அர்த்தம். அது இல்லாத இன்னும் பழைய துப்பாக்கிகள் கரிமருந்துக் காலத்தோடு நின்றுபோனவை. சுவரில் மாட்டலாம், இப்போதைய தோட்டாவைப் போட்டுச் சுடக் கூடாது. பக்கத்தில் ஒரு சின்ன வட்டத்துக்குள் எஃப். 1921 முதல் இருபது வருஷம் போல பர்மிங்காமில் வருஷத்துக்கு ஓர் எழுத்துப் போட்டார்கள், எஃப் என்றால் 1926-27 என்றார். அப்பாவைவிடச் சில வயது மூத்தது இந்தத் துப்பாக்கி.

அதற்கும் கீழே இரண்டு எண்கள். ஒன்று, ஒன்றே அரைக்கால் அவுன்ஸ்: அதற்கு மேல் ஈயக் குண்டு ஏற்றிய தோட்டா கூடாது. இன்னொன்றைப் படித்தபோது கண்ணாடியைக் கீழே வைத்துவிட்டேன். இரண்டரை அங்குலம்.

தோட்டா உட்காரும் அறையின் நீளம் அது. கடைக்காரர் ஒரு 65 தோட்டாவையும் ஒரு 70 தோட்டாவையும் எடுத்து என் முன்னால் நிற்க வைத்தார். உயரத்தில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. பெட்டியில் போட்டிருக்கும் நீளம் சுட்ட பிறகு வாய் விரிந்து நிற்கும் நீளம். சுடுவதற்கு முன்னால் வாய் உள்ளே மடிந்திருப்பதால், 70 தோட்டா இரண்டரை அங்குல அறைக்குள் வஞ்சகமில்லாமல் போய் உட்கார்ந்துகொள்ளும். துப்பாக்கியும் மூடிக்கொள்ளும். சுடும்போதுதான் விஷயம். விரிய வேண்டிய வாய்க்கு இடம் இருக்காது. அறை முடிந்து குழல் குறுகும் இடத்தில் போய் நெருக்கும். அழுத்தம் எகிறும். ஒருமுறை தாங்கலாம், நூறு முறையும் தாங்கலாம். தாங்காத நாளில் குழல் பிளப்பது முன்கட்டையைப் பிடித்திருக்கிற இடது கைக்கு மேலே, கண்ணுக்கு ஒரு முழத்துக்குள்.

துரை சொல்லிக் கொடுத்திருக்க வேண்டும். எண்ணைப் படிக்கத் தெரியாத மனிதர் அதைச் சொல்லாகவே மனசில் வாங்கி வைத்துக்கொண்டு, ஐம்பது வருஷத்துக்கு மேல் காப்பாற்றியிருக்கிறார். இன்னொருவர் கண்ணை, என் கண்ணை, கடன் வாங்கி.

விலைக்கு வருகிறேன். முதலில் உடைந்தது எங்கள் குடும்பக் கதை. குழல்களுக்கு நடுவே ஓடும் பட்டையில் பொறித்திருந்தது கிரீனர் பெயர் இல்லை. பி. ஆர் அண்ட் சன்ஸ், மதராஸ். மவுண்ட் ரோட்டில் கடிகாரம் விற்ற அதே நிறுவனம்தான். அந்தக் காலத்தில் அவர்கள் துப்பாக்கியும் விற்றார்கள். பர்மிங்காம் பட்டறைகளில் செய்து, விற்பவர் பெயரைப் பொறித்து அனுப்புவது அப்போது நடைமுறை. செய்தவர் பெயர் எங்கேயும் இல்லை. பிறகு ஏன் ஊரே கிரீனர் என்றது? குழலின் மேற்பட்டை நீண்டு வந்து நுழையும் இடத்தில் குறுக்காக ஓர் உருளைத் தாழ்ப்பாள் பாய்கிறது. அதற்குப் பெயர் கிரீனர் தாழ்ப்பாள். டபிள்யூ.டபிள்யூ. கிரீனர் கொண்டுவந்தது, பிறகு பர்மிங்காமில் பலரும் எடுத்துக்கொண்டார்கள். துரை தாழ்ப்பாளைச் சொல்லியிருக்கிறார், அப்பா துப்பாக்கி என்று கேட்டிருக்கிறார். லைசென்ஸ் புத்தகத்திலும் தயாரிப்பு என்ற இடத்தில் கிரீனர் என்றே டைப் அடித்திருக்கிறது.

தம்பி அனுப்பிய படங்களையும் காட்டினேன். பெரியவர் சிரிக்கவில்லை, ஒவ்வொன்றாகப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு நிதானமாகச் சொன்னார். அவை சைடுலாக்: விசைப் பொறிகள் இரண்டு பக்கத் தகடுகளிலும் தனித்தனியாக உட்கார்ந்திருக்கும், ஒருவர் அளவெடுத்து ஒருவருக்காகச் செய்வது. நம்முடையது பாக்ஸ்லாக். 1875இல் வெஸ்ட்லி ரிச்சர்ட்ஸ் பட்டறையில் அன்சன், டீலி என்ற இருவர் அமைத்த பொறி. எளிமையானது, கெட்டுப்போகாதது, அதனாலேயே உலகம் முழுக்கப் பரவியது. சுட்ட தோட்டாவைத் தானாகத் துள்ளி வெளியே எறியும் எஜெக்டரும் இதில் இல்லை; கையால்தான் உருவ வேண்டும். இதே துப்பாக்கி இங்கிலாந்து ஏலத்துக்குப் போனால் மலிவாகத்தான் போகுமாம். இந்தியாவில் அப்படியில்லை. 1980களின் நடுவில் தனியார் வெளிநாட்டுத் துப்பாக்கி இறக்குமதி செய்வது நின்றுபோனதால், உள்ளே வந்துவிட்டவை மட்டும்தான் கைமாறிக்கொண்டிருக்கின்றன. சாதாரண பர்மிங்காம் துப்பாக்கிக்கும் இங்கே ஒரு மவுசு. 2019இல் சட்டம் திருத்தி, ஒருவர் மூன்று வைத்துக்கொள்ளலாம் என்பதை இரண்டாக்கிய பிறகு அந்த மவுசிலும் கொஞ்சம் குறைந்துபோயிற்று என்றார். மூன்றாவதைத் தள்ளிவிட வேண்டியவர்கள் எல்லாம் அவர் கடைக்குத்தான் வந்தார்களாம்.

அடுத்து உடம்புப் பரிசோதனை. குழலின் பின்முகத்துக்கும் அது போய்ச் சேரும் சுவருக்கும் நடுவே சிகரெட் தாளை வைத்து மூடினார். இழுத்தால் வரவில்லை. மூட்டு தளரவில்லை, அதற்கு விலையில் நல்ல மதிப்பு. குழலை டியூப் லைட்டுக்கு நேரே பிடித்து என்னையும் பார்க்கச் சொன்னார். உள்ளே வெளிச்சம் வளையம் வளையமாக விழுந்தது. வளையம் எங்காவது நெளிந்தால் அங்கே நசுங்கல். நெளியவில்லை. கட்டையின் கழுத்தில் செம்புக் கம்பிச் சுற்று. அப்பா வாய்க்கால் வரப்பில் வழுக்கி விழுந்தபோது கட்டை கீறிவிட்டது. ஊர் ஆசாரி சுற்றிக் கொடுத்தார். எங்களுக்கு அது அழகாகத் தெரிந்தது. விலையில் அது ஒரு குறை.

பிறகு உள்விட்டம் பார்க்கும் கருவியை விட்டார். 12 போர் என்பது ஒரு பவுண்டு ஈயத்தைப் பன்னிரண்டு சம உருண்டைகளாக்கினால் ஓர் உருண்டைக்கு வரும் விட்டம், அங்குலத்தில் 0.729. வலது குழல் 0.731 காட்டியது. யாரும் உள்ளே கடைந்து மினுக்கியதில்லை என்று தெரிந்தது. இடது குழலும் அதே அளவு. ஆனால் பாதித் தூரத்தில் அம்மைத் தழும்பு மாதிரி துருக்குழிகள், ஒரு சாண் நீளத்துக்கு.

அது எப்போது வந்தது என்று எனக்குத் தெரியும். தேர்தல் அறிவித்தால் துப்பாக்கியைக் காவல் நிலையத்தில் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். 1984 டிசம்பரில் நாடாளுமன்றத்துக்கும் சட்டமன்றத்துக்கும் சேர்த்துத் தேர்தல். ஐப்பசி, கார்த்திகை மழை அப்போதுதான் ஓய்ந்திருந்தது. கொடுத்தது தையல் மிஷின் எண்ணெய் பூசி வெள்ளைத் துணியில் சுற்றி. திரும்பி வந்தது ஈரக் கோணிச் சாக்கில். அப்பா வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, குழலைச் சூரியனுக்கு நேரே பிடித்துப் பார்த்தார். ஒன்றும் பேசாமல் எழுந்து போனார். நான் பி.எட். முடித்து வேலைக்குக் காத்திருந்த சமயம்.

கடைக்காரர் குழலின் சுவர்க் கனத்தை அளந்தார். அங்குலத்தை ஆயிரம் பங்காக்கி அதில் கணக்கு. வலது குழலில் மெல்லிய இடம் 28. இடதில் 26, குழியின் ஆழத்தைக் கழித்தால் 20க்குப் பக்கத்தில் வந்துவிடும். தொழிலில் இருபதுதான் கடைசிக் கோடு என்று நினைத்துக்கொள்ளுங்கள் என்றார். திருகு அளவியை வைத்து மெல்லிய தகடுகளை எத்தனையோ முறை அளக்கச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். ஆயிரத்தில் ஆறு பங்கு ஒரு மனிதரின் பழக்கத்தையே மாற்றியிருக்கும் என்று அன்றைக்குத்தான் உறைத்தது. ஏனென்றால் கடைக்காரர் அடுத்துக் கேட்டது இது:

"அப்பா இடது குழலை உபயோகிக்கிறதில்லையாம்மா? பின் விசை தேயவே இல்லையே. முன் விசை மட்டும் வெள்ளி மாதிரி வழவழன்னு இருக்கு."

முன் விசை வலது குழலுக்கு, பின் விசை இடதுக்கு. கல்யாணமாகி லீவுக்கு ஊருக்கு வரும்போதெல்லாம் அப்பா ஒரே ஒரு தோட்டாவைப் போட்டுக்கொண்டு கிளம்புவதைப் பார்த்திருக்கிறேன். சிக்கனம் என்று நினைத்தேன். தோட்டா விலை ஏறிவிட்டது என்று அம்மாவும் சொன்னாள்.

இந்தச் சமயத்தில் ஒரு தரகர் வந்து சேர்ந்தார். மாமாவுக்குத் தெரிந்தவர். "குழலை உள்ள கடைஞ்சு குழியை எடுத்துரலாம். வெளிய கறுப்பு ஏத்தி, கட்டைக்குப் பாலிஷ் போட்டா புதுப் பொண்ணு மாதிரி ஆயிரும். லைசென்ஸ்லயே கிரீனர்னு இருக்கு. கேக்குறவனுக்கு அதைக் காட்டுங்க. ஒன்றேகால் லட்சத்துக்கு நான் பொறுப்பு" என்றார். தம்பிக்குப் பிடித்துப்போயிற்று. போனில், "பொய்யா சொல்றோம்? கவர்ன்மென்ட் பேப்பர்ல இருக்கிறதைத்தானேக்கா காட்டுறோம்" என்றான்.

குழியை எடுப்பது என்றால் குழியின் ஆழம் வரைக்கும் மீதி இரும்பையும் எடுப்பது. இருபது என்ற கோட்டுக்கே வந்து நிற்கிற சுவரைக் கண்ணாடி மாதிரி மினுக்கிக் கொடுப்பது. குழியோடு இருந்தால் பார்க்கிறவன் பயப்படுவான். அந்தப் பயம் அவனுக்கு நல்லது. மினுக்கிவிட்டால் அதுவும் போய்விடும். அவன் இரண்டு குழலிலும் தோட்டா போடுவான். கிரீனர் என்று நம்பியவன் கனத்த தோட்டாவும் போட்டுப் பார்ப்பான். பழைய துப்பாக்கிக்கு விலை சொல்கிறவர் அதை இதுவரை வைத்துச் சுடலாம் என்றும் சேர்த்தே சொல்கிறார். வாங்குகிறவர் அந்த வார்த்தையை நம்பித்தான் கன்னத்தைக் கட்டையில் வைக்கிறார். இதைத் தம்பியிடம் சொன்னேன், கொஞ்சம் கோபமாகவே சொன்னேன். அவன் ஒரு வாரம் பேசவில்லை.

கடைக்காரர் போட்ட கணக்கு 65,000. செய்தவர் பெயர் தெரியாதது, எஜெக்டர் இல்லாதது, கட்டையில் ஒட்டு, இடது குழலில் குழி. இறுகிய மூட்டு, மணிச் சத்தம், கடையாத குழல், படிக்கிற மாதிரி முத்திரை. கூட்டியும் கழித்தும் அது. ரெண்டு லட்சத்திலிருந்து இறங்கி வர மாமாவுக்குச் சில நாள் ஆயிற்று.

வாங்க வந்தவர் கீழ்ப்பழனி மலையில் காப்பித் தோட்டம் வைத்திருக்கும் முப்பத்தைந்து வயதுக்காரர். கடைக்காரர் சொல்வதற்கு முன்னால் நானே அவரை டியூப் லைட்டுப் பக்கம் கூட்டிப் போய் இடது குழலைக் காட்டினேன். லைசென்ஸில் இருக்கும் பெயர் தவறு என்றும் சொன்னேன். அவர் குழலுக்குள் நெடுநேரம் பார்த்துவிட்டு, "எனக்கு ஒரு குழல் போதும்மா" என்றார். 62,000க்கு முடிந்தது. யாரிடம் விற்கப் போகிறோம் என்று எழுத்தில் தெரிவித்துவிட்டு 45 நாள் காத்திருக்க வேண்டும் என்பது சட்டம். காத்திருந்தோம். அதற்குள் தம்பி பேசிவிட்டான். அப்பா ஒற்றைத் தோட்டாவோடு போன கதையைக் கேட்டு, "எங்கிட்டயும் சொல்லலியேக்கா" என்று மட்டும் சொன்னான்.

ஒப்படைக்கும் நாளில் பதிவேட்டை எழுதும்போது தயாரிப்பு என்ற இடத்தில் பெரியவர் பேனாவை நிறுத்தி என்னைப் பார்த்தார். பர்மிங்காம், செய்தவர் பெயர் இல்லை, விற்றவர் பி. ஆர் அண்ட் சன்ஸ் என்று எழுதச் சொன்னேன். லைசென்ஸில் இருப்பது வேறு என்று ஒரு குறிப்பும் போட்டார். துப்பாக்கி எண் ஒன்றாக இருப்பதால் சிக்கல் வராது என்றார். நான் எழுதி வைத்திருந்த தாளை வாங்கியவரிடம் கொடுத்தேன்: அறை இரண்டரை அங்குலம், 65 மட்டும், ஒன்றே அரைக்கால் அவுன்ஸுக்கு மேல் வேண்டாம், 1984இலிருந்து இடது குழலில் சுட்டதில்லை. படித்துவிட்டு நான்காக மடித்து லைசென்ஸ் புத்தக உறைக்குள் வைத்துக்கொண்டார்.

பெரியவர் அலமாரியிலிருந்து தோட்டாப் பெட்டி ஒன்றை எடுத்து மேசை மேல் வைத்தார். வாங்கியவர் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எண் ஓரத்தில் இருந்தது, பொடி எழுத்து. நான் எட்டிப் பார்த்து, "அறுபத்தஞ்சுதான்" என்றேன்.